டைவ் படகில் நீங்கள் எந்தக் கட்சி? ஸ்கூபா முத்திரைச் சண்டையைச் சமாளிப்பது எப்படி

ஸ்கூபா சான்றிதழ் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே உங்களுக்கு ஒரு கட்சி ஒதுக்கப்பட்டுவிடும். யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஹோஸ் (மூச்சுக் காற்று வரும் குழாய்) எவ்வளவு நீளம், மாஸ்க்கில் ஸ்நார்கெல் இருக்கிறதா, முதுகில் இருப்பது ஜாக்கெட் பிசிடியா (மிதவையைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) இல்லை உலோகத் தகடும் விங்குமா (முதுகுப் பக்கக் காற்றுப் பை), ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) பிளந்ததா கனத்த ரப்பரா என்று மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான், நீங்கள் 'விடுமுறை டைவர்' அல்லது 'டிஐஆர் வெறியர்' ('டூயிங் இட் ரைட்', அதாவது 'சரியாகச் செய்வது' என்ற முறைக்காரர்) அல்லது 'டெக் ஆசாமி' (பொழுதுபோக்கு வரம்பைத் தாண்டும் தொழில்நுட்ப டைவர்). இந்தப் பெயர்கள் மனதைப் புண்படுத்துவது ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே ஜோடியாகத் தண்ணீரில் இறங்கும்போது, பேச வேண்டியதைப் பேசாமல் இறங்குகிறார்களே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அதைத் தவிர்க்க என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், யார் எங்கிருந்து வந்தார்கள்

இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தானாக அடங்கிவிடும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இன்று டிஐஆர் என்று சொல்லப்படும் முறையின் வேர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து நீரடிக் குகைகளில் இருக்கிறது. குறுகலான பாதையில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நீந்த முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் வர வேண்டும். முன்னால் போகிறவருக்குக் காற்று தீர்ந்தால் பின்னால் இருப்பவர் ஒரு மீட்டர் ஹோஸை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதற்காக வந்ததுதான் 7 அடி, அதாவது சுமார் 2.1 மீட்டர் நீள ஹோஸ். குகை டைவிங்கின் முன்னோடி ஷெக் எக்ஸ்லி காலத்தில் பரவிய பழக்கம் இது. அப்புறம் பில் ஹோகார்த் மெயின் என்ற குகை டைவர், தேவையில்லாத எதையும் உடம்பில் தொங்கவிடக் கூடாது, இருப்பது எல்லாம் உடம்போடு ஒட்டி, கை போகும் இடத்தில் இருக்க வேண்டும் என்று கருவி அமைப்பைச் சுருக்கிக்கொண்டே போனார். 'ஹோகார்த்தியன்' என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. அதே ஃபுளோரிடாவின் வக்குல்லா பகுதிக் குகைகளில் 90 மீட்டர் ஆழத்தில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போய் வரைபடம் எடுத்த டபிள்யூகேபிபி என்ற குகை ஆய்வுக் குழு இதை இன்னும் இறுக்கியது: குழுவில் எல்லோருக்கும் ஒரே கருவி, ஒரே வாயுக் கலவை, ஒரே நடைமுறை. வண்டல் கிளம்பி ஒன்றுமே தெரியாத இருட்டில் கூட்டாளியின் வால்வைத் தேடும் கைக்கு, அது எங்கே இருக்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். நியாயமான காரணம்தான்.

பிரச்சினை தொனியில் வந்தது. குழுவின் இயக்குநராக இருந்த ஜார்ஜ் இர்வின், இந்த முறைக்கு வெளியே இருந்தவர்களை 'ஸ்ட்ரோக்' என்று அழைத்தார். ஸ்ட்ரோக்குடன் டைவ் போகாதே என்பதே முதல் விதியாக இருந்தது. 'சரியாகச் செய்வது' என்று உங்கள் முறைக்கு நீங்களே பெயர் வைத்துக்கொண்டால் மற்ற எல்லோரும் தப்பாகச் செய்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? 1990களில் கிளம்பிய அந்தக் கசப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. 1998-இல் ஜாரட் ஜப்லோன்ஸ்கி தொடங்கிய ஜியுஇ என்ற பயிற்சி அமைப்பு அதே முறையைப் பாடத்திட்டமாக்கி, குகைக்குப் போகாத சாதாரண டைவர்களிடமும் கொண்டு வந்தது.

எதிர்ப் பக்கம், 1966-இல் ஜான் க்ரோனினும் ரால்ஃப் எரிக்சனும் தொடங்கிய பிஏடிஐ என்ற பயிற்சி அமைப்பு. இவர்களின் யோசனை வேறு: பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கு, சாதாரண மனிதர் பயமில்லாமல் உள்ளே வரட்டும், மேலே வேண்டுமானால் அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளட்டும். இன்று கடலுக்குள் மீனைப் பார்க்கும் ஏராளமானோர் இந்த வழியாக வந்தவர்கள்தான். இதற்கும் கேலி உண்டு, அந்த நான்கெழுத்துக்கு 'இன்னொரு டாலரைப் போடு' என்று விரிவு சொல்வார்கள். சிரிப்பு வரும், ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் காசு வாங்காத அமைப்பு எது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

ஒரு காலத்தில் தலையில் குட்டு வாங்கிய ஒரு விஷயம் நைட்ராக்ஸ். ஆக்சிஜனைக் கூட்டிய இந்தக் கலவையை டிக் ருட்கோவ்ஸ்கி 1985-இல் பொழுதுபோக்கு டைவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது 'பிசாசு வாயு' என்றார்கள். இன்று அரை நாள் வகுப்பில் முடிகிற சர்வ சாதாரண சான்றிதழ் அது. அதே மாதிரி, டிஐஆர் பக்கம் ஒரு காலத்தில் டைவ் கம்ப்யூட்டரையே மட்டமாகப் பார்த்தார்கள். இன்னொரு பக்கம், ஒரு காலத்தில் கிறுக்குத்தனம் என்று சிரித்த பேக்பிளேட்டும் (முதுகில் மாட்டும் அந்த உலோகத் தகடு) விங்கும் இன்று சாதாரணக் கடைகளில் தொங்குகின்றன. அதனால் யாராவது ஒரு கருவியைப் பார்த்து "இதெல்லாம் போட்டால் செத்துப்போவாய்" என்றால், கோபப்படாமல் ஒரே கேள்வி கேளுங்கள்: இது எந்தத் தண்ணீரில், எந்தப் பிரச்சினைக்கு வந்த பதில்? 

பதில் சொல்லத் தெரிந்தவரிடம் உட்கார்ந்து கேளுங்கள், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை. "எல்லோரும் அப்படித்தான்" அல்லது "எனக்கு அப்படித்தான் பிடிக்கும்" என்பவரிடம் நேரத்தை வீணாக்காதீர்கள். உதாரணமாக, பிளந்த ஃபின் கணுக்காலுக்கு இதமானது, திறந்த கடலில் நேராக நீந்த நன்றாக இருக்கும், ஆனால் தவளை உதையும் பின்னோக்கி நீந்துவதும் அதில் வராது என்றே சொல்லலாம், வண்டல் தரை உள்ள இடத்தில் அது தலைவலி. ஸ்நார்கெல் அலை அடிக்கும் மேற்பரப்பில் காத்திருக்க உதவும், ஆனால் கழுத்தைச் சுற்றி வரும் நீள ஹோஸை அவசரத்தில் எடுக்கும்போது அதில் சிக்கும். இதில் கட்சி எங்கே வந்தது?

கணக்குப் போடுங்கள், வாதம் அடங்கும்

டான் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 947 டைவிங் மரணங்களை எடுத்துப் பார்த்தார்கள். விபத்தை எது தொடங்கி வைத்தது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்று போதாமல் போனது. கருவிக் கோளாறு 15 சதவீதம். படகில் நடக்கும் சண்டைகளின் விகிதமோ நேர் தலைகீழ், ஃபின்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், காற்று எந்த அளவுக்குக் குறைந்ததும் திரும்ப வேண்டும் என்று ஒரு நிமிடம்கூடப் பேச மாட்டார்கள்.

'50 பார் மிச்சம் வைத்து மேலே வா' என்பது பரவலான விதி (பார் என்பது சிலிண்டரில் உள்ள அழுத்தத்தின் அலகு). டிஐஆர் வழியில் வந்தவர்கள் 'மினிமம் கேஸ்' என்று ஒரு கணக்குப் போடுவார்கள், இதை மட்டும் எந்தக் கட்சியாக இருந்தாலும் திருடிக்கொள்ளுங்கள். 30 மீட்டரில் உங்கள் கூட்டாளிக்குக் காற்று தீர்ந்துவிட்டது, இனி இருவரும் உங்கள் சிலிண்டரில்தான் மூச்சு விட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் இருவருக்கும் 40. கீழே நிலைமையைச் சரிசெய்ய ஒரு நிமிடம், அங்கே அழுத்தம் 4 மடங்கு, ஆக 160 லிட்டர். மேலே வர 4 நிமிடம், சராசரி அழுத்தம் 2.5, ஆக 400. ஐந்து மீட்டரில் 3 நிமிட நிறுத்தம், 1.5 மடங்கு, 180. மொத்தம் 740 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் அது சுமார் 62 பார். அதாவது மேலே ஏறத் தொடங்கும்போதே குறைந்தது 62 பார் இருக்க வேண்டும், பயந்துபோன மனிதர் நிமிடத்துக்கு 20 லிட்டரோடு நிற்க மாட்டார் என்பதால் உண்மையில் அதைவிட அதிகமாக. 30 மீட்டரில் நின்றுகொண்டு 50 பார் வரும்வரை மீனைப் படம் எடுப்பவரிடம் தத்துவம் பேச வேண்டாம், இந்தக் கணக்கைக் காட்டுங்கள் போதும்.

வேறு கட்சிக்காரருடன் ஜோடி சேர்ந்தால்

பெரும்பாலும் நடக்கப்போவது இதுதான், படகில் யார் தனியாக நிற்கிறாரோ அவர்தான் உங்கள் கூட்டாளி. கட்டாயம் பேச வேண்டியது காற்றைப் பகிர்வது. சாதாரணப் பயிற்சியில் வந்தவர், தன் வாயில் உள்ளதை வைத்துக்கொண்டு நெஞ்சுப் பக்கம் செருகியிருக்கும் மஞ்சள் ஆக்டோபஸை (மூச்சுவிட உதவும் உபரி ரெகுலேட்டர்) கொடுப்பார். நீள ஹோஸ்காரர் வாயில் இருப்பதையே எடுத்துக் கொடுத்துவிட்டு, கழுத்தில் ரப்பர் கயிற்றில் தொங்கும் இன்னொன்றைத் தன் வாயில் வைத்துக்கொள்வார். இரண்டும் வேலை செய்யும். இரண்டும் தெரியாமல் கலந்தால்தான் வம்பு: ஆக்டோபஸுக்குப் பழகியவர் பதற்றத்தில் சும்மா தொங்குவதைத்தான் பிடித்து இழுப்பார், நீள ஹோஸ்காரரிடம் சும்மா தொங்குவது அந்தக் கழுத்துக் கயிற்றில் இருப்பது, அது அவ்வளவு தூரம் வராது, கழுத்தைத்தான் இறுக்கும். அதே போல நீள ஹோஸ்காரர் காற்றில்லாமல் வந்தால் உங்கள் வாயில் இருப்பதை நோக்கிக் கை நீட்டலாம்.

ஆகவே படகில் சொல்லிக்கொள்ளுங்கள்: "என்னிடம் காற்று வேண்டுமென்றால் இதை எடு, நான் இதற்கு மாறிக்கொள்வேன்." சொன்னால் மட்டும் போதாது, தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் இறங்கியதும் ஆழம் குறைந்த இடத்தில் ஒரு தடவை கொடுத்து வாங்கிப் பாருங்கள். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, இதைச் செய்யக் கூச்சப்படுகிறவருடன் 30 மீட்டருக்குப் போக நான் சம்மதிக்க மாட்டேன். இன்ஃப்ளேட்டரிலேயே (ஜாக்கெட்டில் காற்று நிரப்பும் குழாய்) உபரி ரெகுலேட்டர் பொருத்திய ஜாக்கெட் வைத்திருப்பவர்களும் வாயில் இருப்பதைத்தான் கொடுத்தாக வேண்டும் என்பது சுவாரசியமான விஷயம், நீள ஹோஸைக் கிண்டலடிக்கும் சிலர் அதையேதான் குட்டை ஹோஸில் செய்கிறார்கள்.

அடுத்தது, மயங்கிய ஆளிடமிருந்து கருவியைக் கழற்றுவது. ஜாக்கெட்டில் தோளிலும் வயிற்றிலும் கொக்கி இருக்கும், அழுத்தினால் விடும். பேக்பிளேட்டில் ஒரே நீளப் பட்டை, தோளில் பெரும்பாலும் கொக்கியே இருக்காது, இடுப்பில் ஒன்று மட்டும், அதோடு தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையும் உண்டு. எங்கே அவிழ்க்க வேண்டும், அவிழாவிட்டால் எங்கே வெட்ட வேண்டும், எடைக்கட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். காற்றை வெளியேற்றும் வால்வும் அப்படித்தான், ஜாக்கெட்டில் தோளிலும் இழுக்கலாம், விங்கில் கீழே இடப் பின்பக்கம் இருக்கும்.

ஒருவர் பாரில் பார்க்கிறார், இன்னொருவர் பிஎஸ்ஐயில் என்றால் 100 பார் என்பது ஏறக்குறைய 1450 பிஎஸ்ஐ, சைகையை முன்பே ஒத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 32 சதவீத நைட்ராக்ஸ், இன்னொருவர் சாதாரணக் காற்று என்றால் ஆழத்தை நைட்ராக்ஸ்காரர் தீர்மானிப்பார், ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்துக்கான 1.4 வரம்பில் அவர் சுமார் 34 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. நேரத்தைக் காற்றுக்காரர் தீர்மானிப்பார், ஏனென்றால் அழுத்தக்குறைப்பு நிறுத்தமில்லாமல் கீழே இருக்கக்கூடிய நேரம் அவருக்குத்தான் முதலில் தீரும்.

எந்தப் பள்ளியில் சேர்வது

சின்னங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தொடக்கநிலை டைவருக்கு ஐஎஸ்ஓ 24801-2 என்ற பொதுத் தரநிலை இருக்கிறது, பெரிய அமைப்புகளின் முதல் சான்றிதழ்கள் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் நிற்கின்றன. வித்தியாசம் சொல்லிக்கொடுக்கும் ஆளில் இருக்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்கள், பயிற்சிகளைத் தரையில் முட்டி போட்டுச் செய்யச் சொல்கிறாரா, மிதந்துகொண்டே செய்யச் சொல்கிறாரா, தேர்ச்சி பெறாத மாணவரை என்ன செய்வார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "எங்களிடம் யாரும் தோற்றதில்லை" என்று பெருமையாகப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஜியுஇ பக்கம் போகிறீர்களா, தெரிந்து போங்கள்: புகை பிடிப்பவர்களைச் சேர்க்க மாட்டார்கள், வகுப்பு முடிந்தாலும் தேர்ச்சி நிச்சயமில்லை, தனியாக டைவ் போவதை ஏற்க மாட்டார்கள். பொழுதுபோக்காக ஆண்டுக்கு ஒரு முறை பவளப்பாறை பார்ப்பவருக்கு இது அதிகமாகத் தோன்றலாம். ஆனால் மிதவைக் கட்டுப்பாட்டில் அவர்கள் பிடிக்கும் பிடியை ஒரு தடவை அனுபவித்துவிட்டு, பிறகு எந்தக் கருவியுடன் வேண்டுமானாலும் போகலாம், யாரும் கூட வந்து பார்க்கப் போவதில்லை.

எப்போது முடியாது என்று சொல்வது

கட்சியைக் காரணம் காட்டி யாருடனும் போக மறுக்காதீர்கள், நடத்தையைக் காரணம் காட்டி மறுங்கள். காற்றுப் பகிர்வைப் பேச மறுப்பவர், திரும்பும் அளவைச் சொல்ல மாட்டேன் என்பவர், தன் சான்றிதழுக்கு மேற்பட்ட ஆழத்துக்கு உங்களை இழுப்பவர், இவர்கள் ஜாக்கெட்டிலும் இருக்கிறார்கள், பளபளக்கும் பேக்பிளேட்டிலும் இருக்கிறார்கள். மறுக்கும்போது விளக்கம் தேவையில்லை. "இன்றைக்கு எனக்குச் சரிப்படாது" என்று படகிலேயே, கருவியை மாட்டுவதற்கு முன்பு சொல்லிவிடுங்கள். இறங்கிய பிறகு தோன்றினால் கட்டைவிரலை மேலே காட்டுங்கள். யார் எப்போது காட்டினாலும் காரணம் கேட்காமல் இருவரும் ஏற வேண்டும், இந்த ஒரு விதியில் எல்லாக் கட்சிகளும் ஒத்துப்போகின்றன, கேள்வி ஏதாவது இருந்தால் படகில் ஏறிச் சிலிண்டரைக் கழற்றிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.