உள்ளூர் சண்டே ஃபுட்பால் லீக்: ஃபிக்ஸ்சர் (ஆட்ட அட்டவணை) போடுவது எப்படி?

எட்டு டீம், ஒரே கிரவுண்டு, ஞாயிறு மட்டும் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். லீக்கில் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். அப்படியானால் 28 மேட்ச், 7 வாரம்.

1. முதலில் விதி, பிறகு அட்டவணை

1888 செப்டம்பரில் 12 கிளப்புகளோடு இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது, பாயிண்ட் முறையே முடிவாகவில்லை. நவம்பரில்தான் வெற்றிக்கு 2, டிராவுக்கு 1 என்று வைத்தார்கள். நம் ஊரில் இப்படிச் செய்தால் அடிதடிதான். வெற்றிக்கு 3 (இங்கிலாந்தில் 1981 முதல்), டிராவுக்கு 1 என்று எழுதி, எல்லா கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

பாயிண்ட் சமமானால்? இங்கிலாந்தில் 1976 வரை, அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்தார்கள். 40 அடித்து 20 வாங்கிய டீமுக்கு 2. வெறும் 12 அடித்து 5 வாங்கிய டீமுக்கு 2.4. தடுத்தே ஆடுபவனுக்கு லாபம். இன்று கோல் வித்தியாசம் பார்க்கிறோம். ஆனால் சின்ன லீக்கில், எட்டுப் பேரோடு வந்த டீமை ஒருவன் 12-0 என்று அடித்தால் அதுவும் கெட்டுவிடும். அதனால் இருவரும் மோதிய ஆட்டத்தின் முடிவை முதலில் பாருங்கள், கோல் வித்தியாசம் அடுத்தது.

2. வட்டம் சுற்றுவது

டீம்களுக்குச் சீட்டுக் குலுக்கி எண் கொடுங்கள். மேல் வரிசையில் 1 2 3 4, அதற்கு நேர் கீழே 8 7 6 5 என்று எழுதுங்கள். மேலும் கீழுமாக இருப்பவர்கள் மோதுவார்கள்: 1-8, 2-7, 3-6, 4-5.

அடுத்த வாரம் 1 அசையாது. மற்றவை கடிகாரம் சுற்றும் திசையில் ஓரிடம் நகரும். மேலே 1 8 2 3, கீழே 7 6 5 4. ஆட்டங்கள் 1-7, 8-6, 2-5, 3-4. இப்படி மொத்தம் ஏழு வாரம். ஏழாவது முறை சுற்றினால் பழைய வரிசையே வர வேண்டும்; வரவில்லையென்றால் நடுவில் எங்கோ பிசகு.

டீம் ஏழுதான் என்றால் அசையாத 1-ன் இடத்தில் 'ஓய்வு' என்று எழுதுங்கள். அதை எதிர்கொள்ளும் டீமுக்கு அந்த வாரம் லீவு.

3. நேரம்

சண்டை வருவது இங்கேதான். பாதிக்கு 35 நிமிஷம், இடைவேளை 10, அடுத்த டீம் இறங்க 10: ஒரு மேட்சுக்கு ஒன்றரை மணி. காலை 6:30, 8:00; மாலை 2:45, 4:15. வரிசைப்படி நேரம் ஒதுக்கினால் முதல் ஜோடி எப்போதும் 6:30-க்கு ஆடும், அதாவது டீம் 1-க்கு வெயிலே படாது. மற்றவர்கள் எல்லோரும் இரண்டு தடவை 2:45-க்குக் காய்வார்கள். யாருக்காவது டீம் 1-ல் சொந்தக்காரர் இருந்தால் அவ்வளவுதான்! ஏதாவது இரண்டு வாரம் டீம் 1-ன் மேட்சை 2:45-க்கு இழுத்து, அந்த நேரத்து மேட்சை காலைக்கு மாற்றுங்கள். ஏழு டீம் லீக்கில் இந்தத் தலைவலி கிடையாது. எல்லா நேரமும் எல்லோருக்கும் சமமாக வந்துவிடும்.

4. தேதி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பியபின் தொடங்குங்கள். ஏழு ஞாயிறோடு இரண்டு ஞாயிறு காலியாக விடுங்கள். பள்ளி மைதானம் என்றால் மார்ச்சில் பொதுத்தேர்வு வரும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

5. வராத டீம்

ஏழு பேருக்குக் குறைந்தால் விதிப்படி ஆட்டம் தொடங்க முடியாது. 15 நிமிஷம் பார்த்துவிட்டு எதிரணிக்கு 3-0 வாக்ஓவர் (ஆடாமலே வெற்றி) கொடுங்கள். நடுவிலேயே விலகும் டீம்தான் பெரிய தொல்லை. நான்கு மேட்ச் ஆடுவதற்குள் போனால் அதன் முடிவுகளை எல்லாம் அழித்துவிடுங்கள். அதற்குப் பிறகு போனால் மீதி எதிரணிகளுக்கு வாக்ஓவர். டெபாசிட் வாங்கி வைத்திருந்தால், விலகுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்கள்.