உலோபியின் கறுப்புக் கோட்டு: முதன்முதலாக நகைச்சுவை நாடகம் போடுவோருக்கு

புதிதாக நாடகம் போடும் குழுக்களில் உடுப்பு எப்போதும் கடைசி வாரத்து வேலை. ஆட்களைச் சேர்த்து, மண்டபம் எடுத்து, ஒத்திகையும் பாதி முடிந்த பிறகு, "அப்ப என்னத்தைப் போடுறது?" என்று யாராவது கேட்பார்கள். ஒருவர் மாமாவின் கோட்டைக் கொண்டுவருவார், இன்னொருவர் அக்காவின் கூறைச்சேலையைக் கொண்டுவருவார். சோகக் கதை என்றால் இப்படியும் தப்பிவிடலாம். பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியரின் நகைச்சுவை நாடகமான 'உலோபி'யில் தப்ப முடியாது. அதில் பாதிச் சிரிப்பு உடுப்புக்குள்தான் இருக்கிறது. ஆகவே இங்கே வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறேன்: முதலில் உடுப்பு, பிறகு ஆள், கடைசியில் மேடை.

கதை தெரியாதவர்களுக்காக: 1668இல் பாரிசில் முதன்முதல் மேடையேறிய நாடகம். ஹார்ப்பகோன் என்ற வட்டிக்காரக் கிழவர் பத்தாயிரம் பொற்காசுகளைப் பெட்டியில் போட்டுத் தோட்டத்தில் புதைத்து வைத்திருக்கிறார். மகன் விரும்பும் மரியான் என்ற பெண்ணையே தானும் கட்ட நினைக்கிறார். மகளை ஆன்செல்ம் என்ற வயதான ஒருவருக்குக் கொடுக்கப் பார்க்கிறார், ஏனென்றால் அந்த மாப்பிள்ளை சீதனம் கேட்கவில்லை. "சீதனம் இல்லாமல்!" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் இடம் கொழும்பு வெள்ளவத்தையில் பாரிசைவிட நன்றாக எடுபடும்.

படி 1: சிவப்புப் பேனையோடு வாசியுங்கள்

எழுத்துருவை எடுத்து, உடுப்பு, துணி, கண்ணாடி, தொப்பி என்று வரும் ஒவ்வொரு இடத்தின் கீழும் கோடு போடுங்கள். நாங்கள் போட்டபோது கொப்பியில் இரண்டு பக்கம் நிறைந்தது. முக்கியமானவை இவை.

வேலைக்காரன் லா ஃப்ளெஷ் வீட்டை விட்டுத் துரத்தப்படும்போது கிழவர் அவனைச் சோதனை போடுகிறார். கையைக் காட்டு என்கிறார், காட்டுகிறான். "மற்றக் கைகளைக் காட்டு!" என்கிறார். பிறகு அவனுடைய அகன்ற காற்சட்டையைத் தடவிப் பார்த்து, களவுப் பொருள் ஒளிக்கவே தைத்தது போல இருக்கிறது என்று திட்டுகிறார். காற்சட்டை ஒடுக்கமாக இருந்தால் இந்த வரி செத்துவிடும்.

மகனின் ரிபன்களையும் பொய்முடியையும் பார்த்து, இதற்கெல்லாம் எங்கே காசு என்று கொதிக்கிறார். விருந்து நாளில் இரண்டு வேலையாட்களில் ஒருவனுடைய சட்டையின் முன்பக்கத்தில் பெரிய எண்ணெய்க் கறை, மற்றவனுடைய காற்சட்டையின் பின்பக்கத்தில் ஓட்டை. புதிது வாங்கிக் கொடுப்பாரா? ஒருவன் தொப்பியைக் கறைக்கு மேலே பிடிக்க வேண்டும், மற்றவன் சுவரோடு முதுகை ஒட்டி நிற்க வேண்டும். அந்தக் காட்சி முழுவதும் அந்த இருவரும் அப்படியே பரிமாறட்டும். வசனமே இல்லாமல் மண்டபம் சிரிக்கும்.

எல்லாவற்றிலும் சிறந்தது ஜாக். அவன்தான் சமையற்காரன், அவன்தான் வண்டிக்காரன். எசமான் பேச வந்தால், "ஐயா யாரோடு கதைக்கப் போறியள், சமையற்காரனோடையா வண்டிக்காரனோடையா?" என்று கேட்டு, அதற்கேற்றபடி மேலங்கியைக் கழற்றுகிறான். இந்த மாற்றம் மேடையிலேயே, எல்லோரும் பார்க்க, மூன்று நான்கு வினாடிக்குள் நடக்க வேண்டும். தையற்காரரிடம் போகும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

படி 2: காலத்தைத் தீர்மானியுங்கள்

பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸ் உடுப்பு அழகுதான். ஆனால் புதியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். துணிச் செலவு ஒரு பக்கம், அந்த அங்கிகளில் நம் பையன்கள் நடக்கத் தெரியாமல் நிற்பது இன்னொரு பக்கம். மொலியர் இறந்த 1673ஆம் ஆண்டு எடுத்த பொருட் பட்டியலில் இந்த வேடத்துக்கான அவருடைய உடுப்பு பதிவாகியிருக்கிறது: கறுப்புச் சாட்டின் மேலங்கி, காற்சட்டை, உட்சட்டை, கறுப்புப் பட்டு லேஸ். அதற்கு மேல் கழுத்தில் பழங்கால மடிப்புக் கொலர் வேறு, அதை நாடகத்திலேயே கிண்டல் செய்கிறார்கள். நமக்கு வேண்டிய பொருள் அதிலேயே இருக்கிறது: கறுப்பு, ஒருகாலத்தில் விலையானது, இப்போது நாகரிகம் போனது.

நாங்கள் கதையை 1970களின் முற்பகுதிக் கொழும்புக்குக் கொண்டுவந்தோம், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் உள்ள வீடு. இறக்குமதிக் கட்டுப்பாடு, துணிக்குத் தட்டுப்பாடு, வரிசையில் நின்ற காலம். அந்த நேரத்தில் மகன் அகலக் கால் பெல்பொட்டம் போட்டு வந்தால் தகப்பனுக்கு எப்படி இருக்கும்! ரிபன் வசனத்தை அப்படியே பெல்பொட்டத்துக்கு மாற்றினோம். லா ஃப்ளெஷின் அகன்ற காற்சட்டைக்கும் அதுவே பொருந்திவிட்டது. ஜாக்கின் குதிரைகள் தீனி இல்லாமல் எழும்ப மாட்டாமல் கிடக்கும் பகுதி, பெற்றோல் இல்லாத மொரிஸ் மைனர் கார் ஆனது.

பெட்டிக்குள் பவுண் மட்டும் வையுங்கள், தாள் காசு வேண்டாம். 1970இல் நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50 ரூபாய், 100 ரூபாய்த் தாள்களைச் செல்லாதவையாக்கினார். அது நினைவிருக்கும் பெரியவர்கள், தாளைப் பார்த்தால் கதையை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்கத் தொடங்குவார்கள். அந்த அடிக்குப் பிறகு ஒரு கருமி பவுணை மட்டும்தான் நம்புவான் என்பதும் பாத்திரத்துக்குப் பொருத்தம்.

ஒரு விடயத்தில் கவனம். வட்டிக்காரர் என்றவுடன் ஏதாவது ஒரு சமூகத்தின் உடுப்பையும் பொட்டையும் மாட்டிவிடாதீர்கள். கருமி எல்லாத் தெருவிலும் இருக்கிறான்.

படி 3: உடுப்புப் பட்டியல்

ஒரு பெரிய தாளில் பாத்திரங்களை மேலிருந்து கீழாகவும் ஐந்து அங்கங்களை இடமிருந்து வலமாகவும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் அவர் என்ன போட்டிருக்கிறார் என்று குறியுங்கள். கதை முழுவதும் ஒரே நாளில் நடப்பதால் பெரும்பாலானோருக்கு ஒரே உடுப்புப் போதும். ஹார்ப்பகோனுக்கு நிச்சயமாக ஒன்றே ஒன்று. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அலுமாரிகளைத் திறக்கச் சொல்லுங்கள். அப்பாமாரின் பழைய கோட்டு, அம்மாமாரின் நைலக்ஸ் சேலை, அகலக் கொலர்ச் சட்டை எல்லாம் கொழும்பு வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. கிடைக்காததற்கு மட்டும் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களுக்கும் கெய்சர் வீதிக்கும் போங்கள். கிழமை நாளில், காலையில், மாதிரித் துண்டோடு. நிறத்தைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள்.

கறுப்புக் கோட்டுக்குச் சாட்டினோ பொலியெஸ்டரோ எடுக்காதீர்கள். நாங்கள் மலிவு என்று பளபளக்கும் பொலியெஸ்டர் எடுத்தோம். கொழும்புப் புழுக்கத்தில், மேடை விளக்கின் கீழ், எங்கள் ஹார்ப்பகோன் இரண்டாம் அங்கத்திலேயே முழுகி எழுந்தவர் போல ஆகிவிட்டார். பருத்தித் துணி, உள்ளே மெல்லிய பருத்தி பனியன், முதுகில் வெளியே தெரியாத காற்றுவெட்டு. தைப்பித்த பிறகு முழங்கையையும் விளிம்பையும் மணற்கடதாசியால் தேய்த்துப் பழசாக்குங்கள்.

ஜாக்கின் இரண்டு அங்கிகளுக்கும் பொத்தான் வேண்டாம். வெல்க்ரோ என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. பக்கத்திரைக்குப் பின்னால் அவர் அதைப் பிரித்துப் பார்த்த சத்தம், மேடையில் மகளும் காதலனும் கிசுகிசுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மண்டபம் முழுவதும் கேட்டது. அந்த இரவின் மிகப் பெரிய சிரிப்பு அதுதான், நாங்கள் கேட்காத சிரிப்பு. காந்தப் பொத்தான் அல்லது ஒரே ஒரு பெரிய கொழுக்கி போதும்.

படி 4: பாத்திரத் தெரிவு

மூலத்தில் 15 பாத்திரங்கள். பதினொரு பேர் போதும். தரகர் சிமோனாக வருபவர் கடைசி அங்கத்தில் ஆன்செல்ம் ஆகலாம். கறைச் சட்டைக்காரர் பொலிஸ் அதிகாரியாகவும், ஓட்டைக் காற்சட்டைக்காரர் அவருடைய எழுதுவினைஞராகவும் வரலாம். வேலைக்காரி க்ளோட் அம்மாவுக்கு வசனமே இல்லை, விட்டுவிடலாம். உடுப்புப் பட்டியல் கையில் இருப்பதால் யார் யாருக்கு மாற்ற நேரம் கிடைக்கும் என்று உடனே தெரியும். பட்டியலை முதலில் போடச் சொன்னது இதற்காகத்தான்.

ஹார்ப்பகோனுக்கு உங்கள் கூட்டத்தில் அதிகம் பகிடி விடுகிறவரைப் போடாதீர்கள். அவர் முதல் வரியிலேயே சனத்தைப் பார்த்துச் சிரிப்புக் கேட்பார். உண்மையாகக் கோபப்படத் தெரிந்தவர் வேண்டும். தெரிவுக்கு அந்தக் கை சோதிக்கும் காட்சியை வாசிக்கக் கொடுங்கள். "மற்றக் கைகள்" என்பதைத் தான் சொன்னதில் பிழையே இல்லை என்ற முகத்தோடு சொல்பவர் யாரோ, அவர்தான் ஆள். வயது பொருட்டில்லை, இருமல் பழகினால் சரி. மொலியருக்கே இருமல் இருந்தது. அதை வேடத்துக்குள் கொண்டுவந்து, கலியாணத் தரகி ஃப்ரோசின் வாயால் உங்களுக்கு இருமல்கூட அழகு என்று சொல்ல வைத்தார்.

ஃப்ரோசினுக்கு நல்ல நடிகை கிடைத்தால் பாதி நாடகம் நிமிர்ந்துவிடும். கலியாணப் புறோக்கர் அன்ரி ஒருவரை அறியாத வெள்ளவத்தைக்காரர் இல்லை. பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு என்று கிழவர் கேட்க, அவள் சாப்பிடாததும் நகை போடாததும் சூதாடாததும் வருமானம்தானே என்று கணக்குக் காட்டும் இடத்தை வேகமாகப் பேசக்கூடியவராக இருக்க வேண்டும். காதலர்கள் நால்வருக்கும் தெளிவான உச்சரிப்பு இருந்தால் போதும்.

பேச்சு வழக்கு பற்றி ஒன்று. கொழும்புக் குழுவில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு முஸ்லிம் பேச்சு எல்லாம் கலந்துதான் இருக்கும். வேலைக்காரப் பாத்திரம் என்றதும் மலையகப் பேச்சைக் கொடுத்துச் சிரிப்புத் தேடும் பழக்கம் வேண்டாம். அவரவர் பேச்சிலேயே பேசட்டும், வீட்டுக்காரர்கள் மட்டும் ஒரே வழக்கில் இருந்தால் போதும்.

படி 5: மேடை

இதற்குப் பெரிய செட் தேவையில்லை. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரங்கக் குறிப்பொன்றில் இந்த நாடகத்துக்கான பொருட்கள் சில வரிகளில் முடிகின்றன: ஒரு அறை, பின்னால் தோட்டம், மூக்குக்கண்ணாடி, விளக்குமாறு, தடி, பெட்டி, ஒரு மேசை, ஒரு கதிரை, மைக்கூடு, கடதாசி, ஐந்தாம் அங்கத்தில் மேசையில் இரண்டு மெழுகுதிரி. 1956இல் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் ஏறியபோதும் மேடை கிட்டத்தட்ட வெறுமைதான், கண்ணை நிறைத்தது உடையும் ஆட்டமும்.

பெட்டி புதைந்திருக்கும் திசையை முதல் ஒத்திகையிலேயே தீர்மானியுங்கள். நாங்கள் இடது பின்மூலையை வைத்தோம். நாய் குரைத்தாலும், யாராவது தும்மினாலும் கிழவரின் கண் அங்கேதான் போக வேண்டும். திசை ஒருமுறை மாறினால் சனம் பெட்டியை மறந்துவிடும்.

நான்காம் அங்க முடிவில் பெட்டி களவு போய், "கள்ளன்! கள்ளன்!" என்று அவர் கத்திக்கொண்டு வருகிறார், தன் கையையே கள்ளனின் கையென்று பிடிக்கிறார், பிறகு பார்வையாளர்களையே சந்தேகப்படுகிறார். இங்கே மண்டப விளக்கைப் போட்டு அவரைச் சனத்துக்குள் இறக்குங்கள். அதற்கு மேடையிலிருந்து கீழே இறங்கும் படிகள் வேண்டும். பம்பலப்பிட்டி கதிரேசன் மண்டபமோ, வெள்ளவத்தை தமிழ்ச் சங்கமோ, லயனல் வென்டோ, எதை எடுத்தாலும் காசு கட்டுவதற்கு முன் நேரில் போய்ப் படிகளையும், பக்கத்திரையின் அகலத்தையும், ஒப்பனை அறையிலிருந்து மேடைக்கு எத்தனை அடி என்பதையும் பாருங்கள். நாங்கள் ஒருமுறை எடுத்த மண்டபத்தில் ஒப்பனை அறை முற்றத்துக்கு அப்பால் இருந்தது. ஐப்பசி மழையில் மரியான் குடையோடு மேடைக்கு வந்தாள்.

மெழுகுதிரி இரண்டில் ஒன்றை ஹார்ப்பகோன் ஊதி அணைப்பது பழைய பகிடி. நெருப்பு வேண்டாம். இரண்டு மேசை விளக்கு வைத்து ஒன்றின் சுவிட்சை அமர்த்தச் செய்யுங்கள், மின்சாரக் கட்டணம் கட்டுகிற எல்லோருக்கும் விளங்கும்.

படி 6: நாட்காட்டி, கடிதம்

எட்டுக் கிழமை வையுங்கள். இரண்டாம் கிழமையில் அளவெடுப்பு, ஐந்தாம் கிழமையிலிருந்து சப்பாத்து, கண்ணாடி, அங்கியோடு ஒத்திகை, கடைசியில் முழு உடுப்போடு இரண்டு ஒத்திகை. ஜாக் மட்டும் முதல் நாளிலிருந்தே ஏதாவது இரண்டு அங்கியோடு பழகட்டும்.

மொலியருக்கு உரிமைத் தொகை கட்டத் தேவையில்லை. மொழிபெயர்த்தவருக்கு உரிமை உண்டு: இலங்கைச் சட்டப்படி அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும். ஆகவே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பொதுமக்களுக்கு ரிக்கெட் விற்பதென்றால் எழுத்துருவுக்குத் தணிக்கைச் சபையின் அனுமதி வேண்டுமா என்று முற்கூட்டியே கேளுங்கள், மாநகர சபையின் கேளிக்கை வரியையும் விசாரியுங்கள்.

கடைசிக் காட்சி

எல்லோருக்கும் கலியாணம் நிச்சயமாகிறது, செலவு முழுவதையும் ஆன்செல்ம் ஏற்றுக்கொள்கிறார். அப்போது ஹார்ப்பகோன் ஒரு நிபந்தனை வைக்கிறார்: கலியாணத்துக்கு எனக்கு ஒரு புது உடுப்புத் தைத்துத் தர வேண்டும். இரண்டு மணித்தியாலம் அதே தேய்ந்த கறுப்புக் கோட்டோடு அவரைப் பார்த்திருந்தால்தான் இந்த வரி வெடிக்கும். இடையில் எங்காவது நல்ல கோட்டொன்றை மாட்டிவிட்டால் வரி போச்சு. பிறகு எல்லோரும் போக, அவர் பெட்டியைப் பார்க்கப் போகிறார். விளக்கு அணையட்டும். வணக்கம் சொல்ல வரும்போதும் கோட்டைக் கழற்ற விடாதீர்கள்.

அடுத்த நாள் காலை எல்லா உடுப்பையும் நிழலில் காயவைத்து, கடன் வாங்கியவற்றில் வீட்டுக்காரர் பெயரைக் குத்தூசியால் குத்தி, அந்தக் கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோட்டுப் பைகளைப் பார்க்க மறக்காதீர்கள், மூக்குக்கண்ணாடி அதற்குள்தான் இருக்கும்.