கேஎல்ல கிறிஸ்மஸ்: டிசம்பர் மாசத்த பிரிச்சு பிரிச்சு சுத்துறது எப்படி

கேஎல்ல, அதான் நம்ம கோலாலம்பூர்ல, பனி கொட்டாது, டிசம்பர்ல மத்தியானம் வேர்த்து ஊத்தும் சாயங்காலம் இடி மழை பெய்யும், ஆனா கிறிஸ்மஸ் மாசத்துல இந்த ஊரு அவ்வளவு அழகா இருக்கும்னு நான் அடிச்சு சொல்லுவேன். நெறைய குடும்பம் இத அனுபவிக்காம போறதுக்கு காரணம் ஒன்னுதான், எல்லாத்தையும் 24, 25 ரெண்டு நாள்ல பார்த்துடணும்னு கெளம்புறது. நாங்களும் ஒரு வருஷம் அப்படித்தான் 24ஆம் தேதி சாயங்காலம் பிள்ளைங்களுக்கு லைட்டு காட்டிட்டு அப்படியே பூசைக்கு போயிடலாம்னு ஒரு மாலுக்கு போனோம், பார்க்கிங் உள்ள போகவே முக்கா மணி நேரம், வெளிய வர அதுக்கு மேல, கோயிலுக்கு போய் சேரும்போது ஃபாதர் பிரசங்கமே முடிச்சிட்டாரு, சின்னவ காடியிலயே தூங்கிட்டா. வீட்டுக்கு வர்ற வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசல, அதுதான் எனக்கு இன்னும் வலிக்குது. அதுக்கப்புறம் எங்க வீட்டுல வச்சிருக்கிற முறை இது: லைட்டும் மாலும் டிசம்பர் முதல் ரெண்டு வாரத்துல, குளிரும் வெளையாட்டும் நடுவுல ஒரு நாள், 24ம் 25ம் கோயிலுக்கும் வீட்டுக்கும் மட்டும்.

முதல்ல மால். தீபாவளி கோலத்த எடுத்த கையோட நவம்பர் நடுவுலயே பெரிய மாலுங்க மரத்த தூக்கி நிறுத்திடுவாங்க, அதனால டிசம்பர் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்ல. செவ்வாய் புதன் மாதிரி நாள் ராத்திரி போங்க, சம்பளம் வந்த முதல் வாரக் கடைசியில மட்டும் போயிடாதீங்க. காடிய வீட்டுல விடுங்க, இது நான் கெஞ்சி கேட்டுக்கிறது, புக்கிட் பிந்தாங் ஜாம் டிசம்பர்ல சாதா ஜாம் கிடையாது, அது மேல பெரிய மழை வேற பெஞ்சா காடி போற ஸ்மார்ட் டனல் சுரங்கத்தையும் வெள்ளத் தண்ணி விட மூடிடுவாங்க, அப்புறம் எந்தப் பக்கமும் நகர முடியாது.

நாங்க போற வழி இதுதான். கெலானா ஜெயா லைன் எல்ஆர்டியில கேஎல்சிசி ஸ்டேசன்ல எறங்கி சூரியா கேஎல்சிசி நடு ஹால்ல இருக்கிற மரத்த பார்த்துட்டு, இருட்டினதும் பின்னாடி பார்க்குல தண்ணி ஊத்து லைட்டோட ஆடும் அத கொஞ்ச நேரம் பாருங்க, காசு கிடையாது. அங்கிருந்து கன்வென்சன் சென்டர் பக்கமா ஏர்கோன் போட்ட மேல் நடைபாதை ஒன்னு பெவிலியன் மால் வரைக்கும் போகுது, மழை பெஞ்சாலும் நனையாம போயிடலாம், ஸ்ட்ரோலரும் தள்ளிக்கிட்டு போகலாம், பெரியவங்க இருந்தா இருபது நிமிசம்னு வச்சுக்குங்க, ரொம்ப லேட்டானா அந்த பாதைய மூடிடுவாங்க அதனால மொதல்ல கேஎல்சிசி அப்புறம் பெவிலியன்னு போறது நல்லது. பெவிலியன் வாசல் கண்ணாடி ஊத்துக்கிட்ட படம் எடுக்க எப்பவும் கூட்டம்தான், அதுக்காக வரிசையில நிக்காம எதிர்ப்பக்க நடைபாதையில நின்னு எடுங்க, மொத்த அலங்காரமும் விழும். அப்புறம் கீழ புக்கிட் பிந்தாங் எம்ஆர்டி, ஒரே ஒரு ஸ்டேசன்ல டிஆர்எக்ஸ். 2023 நவம்பர்ல தெறந்த மால் அது, மொட்டை மாடி முழுக்க 10 ஏக்கர் பார்க்கு, பிள்ளைங்க ஓட எடம் இருக்கு. நம்ம புள்ளைங்களுக்கு மரத்த விட ஓடுறதுதான முக்கியம்.

காஜாங், சிரம்பான் பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு மிட்வேலி மால்தான் சுலபம், கேடிஎம் ரயில்ல மிட்வேலி ஸ்டேசன்லயே எறங்கிடலாம், கிளாங் லைன்ல வர்றவங்க அப்துல்லா ஹுக்கும்ல எறங்கி பாலத்துல நடந்தா கார்டன்ஸ் மால் வந்துடும். சில மால்ல சாயங்காலம் நேரம் வச்சு சோப்பு நுரைய பனி மாதிரி மேல இருந்து ஊதி விடுவாங்க, பிள்ளைங்க அதுல நின்னு ஆடுறத பார்க்க ரெண்டு கண்ணு பத்தாது, ஆனா கண்ணுல பட்டா எரியும், தரை வழுக்கும், மாத்து துணியும் ஒரு துண்டும் கட்டாயம் எடுத்துக்குங்க.

நெசமாவே குளிரணும்னா கெந்திங் மலை. கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், டிசம்பர்ல ராத்திரி 16 டிகிரி பக்கம் எறங்கும், மூடுபனி வந்துச்சுன்னா எதிர்ல நிக்கிற ஆளே தெரியாது, மலேசியாவுல பொறந்து வளர்ந்த நமக்கு அதுவே வின்டர். கேஎல்ல இருந்து ஒரு மணி நேரம், கேஎல் சென்ட்ரல்ல இருந்து பஸ் இருக்கு, அவானாவுல எறங்கி கேபிள் காரு ஏறினா நடுவுல சின் சுவீ சீனக் கோயில்ல எறங்கி பார்த்துட்டும் ஏறலாம். பஸ் டிக்கெட்ட ஸ்கூல் லீவுல முன்னாடியே வாங்கிடுங்க. ஸ்வெட்டர பைக்குள்ள வச்சுட்டு மேல போய் தேடாதீங்க, கேபிள் காருலயே போட்டு விடுங்க, சின்ன பிள்ளைங்களுக்கு காது மூடுற தொப்பியும் வேணும், அந்த காத்துல காது வலி வந்துடும். மேல சாப்பாடு விலை ஜாஸ்தி, நாங்க நாசி லெமாக் கட்டிக்கிட்டு போயிடுவோம்.

அவ்வளவு தூரம் வேணாம்னா சன்வே பிரமிட்லயும் புத்ராஜெயா பக்கம் ஐஓஐ சிட்டி மால்லயும் ஐஸ் ஸ்கேட்டிங் இருக்கு. நீள காலுறை, கையுறை, முழு பேன்ட். காலையில தெறந்த உடனே போங்க, மத்தியானத்துக்கு மேல ஐஸும் கீறிப் போயிருக்கும் கூட்டமும் மோதும். முதல் தடவை ஏறுற பிள்ளைக்கு விழுறது எப்படின்னு சொல்லிக் குடுங்க, பக்கவாட்டுல விழணும், விழுந்த உடனே வெரல மடக்கிக்கணும், பக்கத்துல போறவங்க பிளேடு வெரல்ல ஏறிடக் கூடாது.

அடுத்தது கோயில். கிறிஸ்தவங்களா இல்லாதவங்களும் தாராளமா வரலாம், எங்க கோயிலுக்கு வருசா வருசம் பக்கத்து வீட்டு இந்து குடும்பங்க வருவாங்க, குடில் பார்க்கணும்னே வருவாங்க. நகரத்துக்குள்ள ஒரு நாள் காலையில நாலு கோயில பார்த்துடலாம். புக்கிட் நானாஸ்ல செயிண்ட் ஜான்ஸ் கதீட்ரல், 1883ல தொடங்கின பங்கு, வெள்ளையா ரெட்டை கோபுரத்தோட நிக்கும். மெர்டேக்கா சதுக்கத்து பக்கத்துல செயிண்ட் மேரிஸ், அது ஆங்கிலிக்கன், 1894ல கட்ட ஆரம்பிச்சது, மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டியில இருந்து நடக்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஹோலி ரோசரி. அப்புறம் புடுவுல செயிண்ட் அந்தோணியார் கோயில், 1910ல இருந்து நம்ம தமிழ் கத்தோலிக்கருங்களோட கோயில், எங்க ஆயா காலத்துல இருந்து எங்களுக்கு வேண்டுதல்னா அங்கதான், செவ்வாய்க்கெழம நவநாளுக்கு இந்துக்களும் மெழுகுவர்த்தி ஏத்த வந்து நிப்பாங்க. நாலுல ஒன்னுக்குத்தான் நேரம் இருக்குன்னா நான் புடுவுக்கு போங்கன்னு சொல்லுவேன், தமிழ் கேரல் பாட்ட மைக் இல்லாம ஊரே சேர்ந்து பாடுறத அங்க கேக்கணும்.

போறவங்க கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். தோளும் முட்டியும் மூடின உடுப்பு, சேலையோ பஞ்சாபி சூட்டோ ரொம்ப பொருத்தம். பூசை நடக்கும்போது ஃபோன உள்ள வச்சிடுங்க, குடில் படத்த முடிஞ்ச அப்புறம் எடுங்க. நற்கருணை குடுக்கும்போது கத்தோலிக்கர் இல்லாதவங்க வரிசையில போக வேண்டாம், ஒக்காந்த எடத்துலயே இருக்கலாம், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. 24 ராத்திரி பூசை எந்த மொழியில எத்தன மணிக்குன்னு கோயிலுக்கு கோயில் மாறும், தமிழ், இங்கிலீஷ், மலாய், மாண்டரின்னு தனித்தனியா இருக்கும், முந்தின ஞாயித்துக்கெழம அறிவிப்பு தாள்ல பார்த்து வச்சிடுங்க. ஒரு மணி நேரம் முன்னாடி போனாத்தான் உள்ள எடம், இல்லன்னா வெளிய கூடாரத்துல பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஒரு விசிறி கொண்டு போங்க. டபுள் பார்க்கிங் பண்ணினா நம்பர எழுதி கண்ணாடியில வைங்க, பின்னாடி நிக்கிறவங்க வீட்டுலயும் கைக்குழந்த இருக்கும்.

கேரல் ரவுண்டு வருதுன்னு பிஇசி குரூப்புல (அக்கம் பக்கத்து கத்தோலிக்க குடும்பங்க சேர்ந்த பங்கு குழு) சொல்லிட்டாங்கன்னா வீட்டுல வெளக்க போட்டு கேட்ட தெறந்து வைங்க. இருபது முப்பது பேரு வருவாங்க, சூடா மைலோவும் கறி பஃப்பும் போதும், காணிக்கை கவர் ரெடியா இருக்கட்டும். கேட்டுல காவலுக்கு கார்டு இருக்கிற தாமான் (வீட்டு குடியிருப்பு), கொண்டோன்னா முன்னாடியே கார்டு ஹவுஸ்ல, மேனேஜ்மென்ட்ல சொல்லிடணும், இல்லன்னா பசங்க கித்தாரும் கையுமா கேட்டுலயே நிப்பாங்க. பத்து மணிக்குள்ள முடிச்சுக்கணும், அக்கம் பக்கம் தூங்கணும்.

இப்ப பலகாரம், இதுல நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன். அச்சு முறுக்குதான் எங்க வீட்டு கிறிஸ்மஸ், மலாய்க்காரங்க குவே ரோஸ்னு சொல்லுவாங்க, சீனக் கடையில தேன்கூடு பேர்ல விப்பாங்க, மாவு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்னுதான், அரிசி மாவு, தேங்காப்பால், முட்டை, சீனி. புது அச்ச வாங்கின உடனே முக்கினா ஒட்டிக்கிட்டு வரவே வராது, ரெண்டு நாள் சோறு வடிச்ச கஞ்சியில ஊற வச்சு தொடச்சு எண்ணெயில நல்லா காய விட்டு ஆற வச்சு திரும்ப காய விடணும். அச்சு எண்ணெயில சூடேறி இருக்கணும், மாவுல முக்கா உயரம்தான் முக்கணும், மேல் விளிம்ப மாவு மூடிடுச்சுன்னா கழராது, முதல் அஞ்சாறு ஒடைஞ்சா மனச விட்டுடாதீங்க எல்லார் வீட்டுலயும் அப்படித்தான். 20ஆம் தேதிக்கு மேல சுடுங்க, மழை நாள்ல சீக்கிரம் நமத்துடும், ஆறின உடனே டின்னுல போட்டு மூடுங்க. சுஜி கேக்குக்கு ரவைய பட்டரோட கலந்து ராத்திரி முழுக்க ஊற விடணும், அத விட்டுட்டு அன்னைக்கே சுட்டா பல்லுல நறநறன்னு மாட்டும்.

ஓப்பன் ஹவுஸ் வைக்கிறவங்களுக்கு நான் சொல்றது, யாரு வர்றாங்கன்னு யோசிச்சு சமைங்க. மலாய் கூட்டாளிங்க வருவாங்கன்னா பன்றி இறைச்சியும் மதுவும் மேசையில வேண்டாம், கோழி ஹலால் கடையில வாங்குங்க, தட்டு சட்டிய பத்தி யோசிப்பாங்கன்னா ஹலால் கேட்டரிங் எடுத்துட்டா அவங்களுக்கும் நிம்மதி. ஃப்ரூட் கேக்குல பழத்த பிராந்திக்கு பதிலா ஆரஞ்சு ஜூஸ்ல ஊற வைங்க, நல்லாவே வரும். மாட்டிறைச்சி வேண்டாம், இந்துக்கள் பாதி பேரு தொட மாட்டாங்க. நெறைய பேரு மறக்கிறது இன்னொன்னு, கிறிஸ்மஸ் வர்றது மார்கழியில, மாலை போட்டு சபரிமலை விரதம் இருக்கிறவங்க, மார்கழி முழுக்க சைவம் சாப்பிடுறவங்க நம்ம சொந்தத்துலயே இருப்பாங்க. அவங்களுக்கு கோழிக் கறி கரண்டி படாத சைவ சாப்பாடு தனி மேசையில, தனி சட்டியில, தனி ஆளு வச்சு போடுங்க. எங்க சித்தப்பா மாலை போட்ட வருசம் அம்மா காலையில குளிச்சிட்டு மொதல்ல அவருக்கு சாம்பார், கூட்டு, பாயசம் செஞ்சு எடுத்து வச்சிட்டுத்தான் கோழிய அடுப்புல ஏத்துனாங்க. அவரு வந்து குடில் முன்னாடி கை கூப்பி நின்னுட்டு ஒக்காந்து நிறைவா சாப்பிட்டாரு, அந்த வருசம் எத்தன வகை சமைச்சோம்னு ஞாபகம் இல்ல, அவரு சாப்பிட்டது மட்டும் ஞாபகம் இருக்கு.

25 அன்னைக்கு காலையில பூசை இல்லன்னா மெதுவா எந்திரிங்க, பசியாற தோசை, முந்தின நாள் கோழிக் கறி, மத்தியானத்துல இருந்து ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்க. அன்னைக்கு நாடு முழுக்க லீவு, ஆனா 26 லீவு இல்ல, வேலைக்கு போறவங்க அந்த ஒரு நாள முன்னாடியே கேட்டு வாங்கிக்குங்க. மிச்சம் கிடக்கிற கோழிய டெபால் பண்ணிடலாம், மலாக்கா போர்த்துகீசிய வழி வந்தவங்க சமையல், அந்த பேருக்கே மிச்சம்னுதான் அர்த்தம் சொல்லுவாங்க, காஞ்ச மொளகாய், வெங்காயம், புவா கெராஸ் (கேண்டல்நட் கொட்டை) அரைச்சு வதக்கி கடுகும் வினிகரும் சேர்த்தா ரெண்டாம் நாளு இன்னும் ருசி.

மாலுங்க கிறிஸ்மஸ் முடிஞ்ச சூட்டோட மரத்த கழட்டி சீனப் பெருநாளுக்கு செவப்பு லாந்தர் மாட்டிடும், நீங்க அவசரப்படாதீங்க. மூணு ராஜா திருநாள் வரைக்கும் குடில வச்சிருக்கலாம், அது ஜனவரி முதல் வாரத்துல வரும், அது வரைக்கும் வர முடியாதவங்க வந்து பார்ப்பாங்க. கழட்டும்போது குழந்தை இயேசு சொரூபத்த தனியா பஞ்சுல சுத்தி வைங்க, வைக்கோல தூக்கி போட்டுட்டு அடுத்த வருசம் புதுசு வாங்குங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு பூச்சி பிடிச்சிடும், லைட்டு வயர அட்டையில சுத்தி வச்சா நவம்பர்ல சிக்கெடுக்க வேண்டியதில்ல. முறுக்கு அச்ச மட்டும் கழுவாதீங்க, எண்ணெயோட பேப்பர்ல சுத்தி அப்படியே எடுத்து வைங்க.