நாலு காயிலையும் மாற்றச் சொன்னார்களா? கொஞ்சம் பொறுங்கள்

போன ஜூன் மாதம், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது என் வண்டி உதற ஆரம்பித்தது. மிதித்தால் பிக்கப் இல்லை, செக் இன்ஜின் லைட் மினுக் மினுக் என்கிறது. ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நாலு காயிலையும் மாத்திரணும்" என்றார்கள், ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில்களைத்தான் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. வீட்டு முற்றத்தில் அரை மணி நேரம் செலவழித்துப் பார்த்தேன், நீங்களும் பார்க்கலாம்.

டீசல் வண்டிக்காரர்கள் இதோடு நின்றுகொள்ளலாம், உங்களுக்குக் காயிலும் இல்லை ஸ்பார்க் பிளக்கும் இல்லை. பெட்ரோல் வண்டி என்றால் இன்ஜினை ஆஃப் செய்து, ஆறவிட்டு, மேலே இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றுங்கள். டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) மேல் வரிசையாக மூன்றோ நான்கோ கறுப்புத் தலைகள் தெரியும், ஒவ்வொன்றிலும் ஒரு கனெக்டர், பெரும்பாலும் ஒரே ஒரு 10 மி.மீ. போல்ட். அவைதான் காயில்கள். ஒவ்வொன்றும் தன் பிளக் மேல் நேராக உட்கார்ந்திருக்கும், பேட்டரியின் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி பிளக்கில் பொறி தட்டும். கொஞ்சம் பழைய வண்டிகளில் இப்படி இருக்காது; ஒரே பெட்டியாக ஒரு காயில் பேக், அதிலிருந்து தடித்த பிளக் வயர்கள் கிளம்பும். நாலு சிலிண்டர் வண்டியில் அந்தப் பெட்டியில் ஒரு காயில் இரண்டு சிலிண்டரைப் பார்த்துக்கொள்ளும், வழக்கமாக 1-4, 2-3 என்று ஜோடி. ஜோடியாக மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, மிஸ்ஃபயர் என்பதும் இதுதான்) அடித்தால் காயிலைச் சந்தேகப்படுங்கள், ஒன்றுதான் என்றால் முதலில் வயரையும் பிளக்கையும்.

எந்த சிலிண்டர் என்பதை ஸ்கேனர் சொல்லும். ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் பிளக் பாயின்ட்) செருகினால் எரர் கோடுகளைப் (error code) போனிலேயே படிக்கலாம். பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர். பி0300 என்றால் அங்கும் இங்கும் மாறி மாறி. பி0352 என்றால் இரண்டாம் காயிலின் மின்சுற்றிலேயே கோளாறு, அப்போது வயரிங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றாம் நம்பர் சிலிண்டர் பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் பெல்ட் ஓடும் பக்கம்.

இப்போது காசு செலவில்லாத சோதனை. பி0302 வந்தது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். இரண்டாம் காயிலையும் மூன்றாம் காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள், காயிலை மட்டும்தான், கனெக்டர் அதனதன் இடத்திலேயே இருக்க வேண்டும், இதில் குழம்பினால் எல்லாமே குழம்பும். பேட்டரியைத் திரும்ப மாட்டி, ஸ்கேனரில் எரர் கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். பி0303 என்று மாறியிருந்தால் காயில்தான் போச்சு, அந்த ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். பி0302 அங்கேயே நின்றால் காயில் பாவம், அடுத்து பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று போகும், அது வீட்டு வேலை இல்லை. ஆனால் எதை எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்று தாளில் எழுதிக் கொண்டுபோனால் நாலு காயில் கதை திரும்ப வராது.

பழைய அம்பாசிடர் காலத்து ஆட்கள் இன்ஜின் ஓடும்போதே பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். அதை இதில் செய்ய வேண்டாம். ஷாக் அடிப்பது ஒரு பக்கம், ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) போனால் காயில் விலையெல்லாம் சில்லறைக் காசாகத் தெரியும். அதேபோல லைட் மினுக்கும்போது 'திருநெல்வேலி வரைக்கும்தானே' என்று ஆரல்வாய்மொழி வழியாக மிதித்துக்கொண்டு போகாதீர்கள், எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுத் தள்ளும்.

காயிலைக் கையில் எடுத்ததும் அதன் அடியில் பிளக்கை மூடும் ரப்பர் உறையைத் (பூட்) திருப்பித் திருப்பிப் பாருங்கள். வெடிப்போ, சாம்பல் கோடு மாதிரி பொறி ஓடிய தடமோ இருக்கிறதா? பிளக் குழியில் எண்ணெய் நின்றால் டேப்பெட் கவர் கேஸ்கெட் கசிகிறது, அதை விட்டுவிட்டு புதுக் காயில் போட்டால் அதுவும் ஊறிப்போகும். தண்ணீர் நின்றால் யாரோ இன்ஜின் மேல் ஹோஸ் பிடித்திருக்கிறார்கள். நம் குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, கடலோரம் என்றால் உப்புக் காற்று வேறு.

என் வீடு குளச்சல் பக்கம். இரண்டாம் காயிலை இடம் மாற்றியும் எரர் கோடு நகரவில்லை, பிளக்கை இடம் மாற்றியும் நகரவில்லை. கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஒரு பின் மட்டும் பாசி பிடித்த மாதிரி பச்சை. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, காயவிட்டு மாட்டினேன், உதறல் நின்றது. கழற்றும்போது அவசரத்தில் கனெக்டரின் லாக்கை உடைத்துவிட்டேன், சூட்டில் அந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. இன்றைக்கும் அதைக் கேபிள் டை ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.