எட்டு வயதும் எண்பது வயதும் ஒரே வட்டத்தில்: பங்கில் கூட்டு மறைக்கல்வி நடத்துவது எப்படி?

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் என்ன நடக்கும் என்றால், பிள்ளைகள் மறைக்கல்வி என்கிற விசுவாசப் பாட வகுப்புக்குப் போவார்கள், இளையோர் பாடகர் குழு அறைக்குப் போவார்கள், மரியாயின் சேனை என்கிற செபக் குழுவினர் மாதா கெபிப் பக்கம் ஒதுங்குவார்கள், ஆண்கள் வாசலில் பைக்கில் சாய்ந்து நின்று பேசுவார்கள். பதினோரு வருடம் வகுப்பெடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டுக்கு வெளியே விசுவாசமுள்ள ஒரு பெரியவரைக்கூடப் பேர் சொல்லத் தெரியவில்லை என்று. அதனால் மாதம் ஒரு ஞாயிறு எல்லா வயதினரையும் சேர்த்து உட்காரவைக்கத் தொடங்கினோம். முதல் இரண்டு தடவை சரியாக வரவில்லை, மூன்றாவது தடவை வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார், கையில் மணியோடு ஊரைச் சுற்றிப் பிள்ளைகளையும் ஆண்களையும் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்ததைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். படித்ததைப் பிள்ளைகள் வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பதுதான் அவர் வைத்த ஏற்பாடு. வயது வாரியாகப் பிரித்து வகுப்பறையில் அடைத்தது அதற்கு வெகு காலம் பின்னால் வந்த வழக்கம்.

1. தேதியும் நேரமும்

பங்குத்தந்தையிடம் யோசனையை மட்டும் கொண்டுபோகாதீர்கள், தேதியோடு போங்கள். "ஃபாதர், அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, திருப்பலி முடிந்து 75 நிமிடம், மண்டபம் வேண்டும்" என்று கேட்டால் பதில் உடனே கிடைக்கும். சாயங்காலம் வேண்டாம், வீட்டுக்குப் போனவர்கள் திரும்ப வர மாட்டார்கள். முதல் கூட்டத்துக்கு நல்ல நாள் தேடுகிறீர்கள் என்றால் ஜூலை நான்காம் ஞாயிறு பொருத்தம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் அதைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாக ஏற்படுத்தினார். ஜூலை 26 இயேசுவின் தாத்தா பாட்டியான புனித சுவக்கின், அன்னம்மாள் திருநாள் என்பதால் அந்தத் தேதி.

2. வாசகம்

புதிதாகப் பாடம் தயாரிக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு வரப்போகிற நற்செய்தியை எடுங்கள். இந்த வாரம் பேசியதையே அடுத்த வாரம் பீடத்திலிருந்து கேட்கும்போது ஒரு பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே! ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும்; எந்த ஆண்டு வாசகம் என்று குழப்பம் வந்தால் ஆண்டு எண்ணை 3-ஆல் வகுங்கள். மீதி இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு, லூக்கா. மீதி 1 என்றால் முதல் ஆண்டு, மத்தேயு. மீதி 2 என்றால் இரண்டாம் ஆண்டு, மாற்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் மட்டும் அடுத்த ஆண்டின் எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

புரொஜெக்டர் வேண்டவே வேண்டாம். எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க மாட்டார்கள். ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும், எழுத்து அளவு 16-க்குக் குறையாமல் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுங்கள். போனில் படித்துக்கொள்ளச் சொன்னால் பாதிப் பேர் வாட்ஸ்அப்புக்குள் போய்விடுவார்கள்.

3. குழு பிரிப்பது. இங்கேதான் நான் சறுக்கினேன்

முதல் தடவை குடும்பம் குடும்பமாக உட்காரச் சொன்னேன். கேட்க அழகாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் பார்த்தால் மகன் வளைகுடாவில் இருக்கிற ஒரு அம்மாவும், கணவரை இழந்த இரண்டு பேரும், வீட்டில் தான் மட்டும் கோவிலுக்கு வருகிற ஒரு பையனும் கடைசி வரிசையில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அடுத்த மாதம் வரவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கிறது.

இரண்டாவது தடவை அன்பியம் (தெருவாரியான சிறு கிறிஸ்தவக் குழு) வாரியாகப் பிரித்தேன். அன்பியப் பொறுப்பாளர் பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள், அதோடு தெருவில் இருக்கிற மனஸ்தாபமும் அப்படியே வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

மூன்றாவது தடவை செய்தது இதுதான். வயதுப்படி ஐந்து கட்டு அட்டைகள்: 7 முதல் 12, 13 முதல் 19, 20 முதல் 39, 40 முதல் 59, 60-க்கு மேல். ஒவ்வொரு கட்டிலும் மீன், படகு, விளக்கு, அப்பம், திராட்சை, ஆடு, சாவி, புறா என்று எட்டுப் படங்கள் இதே வரிசையில் திரும்பத் திரும்ப வர வேண்டும். வாசலில் இரண்டு பேர் நின்று, வருகிறவரின் வயதைப் பார்த்து அந்தந்தக் கட்டின் மேல் அட்டையை எடுத்துக் கொடுத்தால் போதும். மீன் அட்டை வைத்திருப்பவர்கள் எல்லோரும் மீன் வட்டம். யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் விடுபடவும் இல்லை. எண்களுக்குப் பதிலாகப் படம் போடக் காரணம், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் யாரிடமும் கேட்காமல் தானே தன் இடத்துக்குப் போகலாம் என்பதுதான். ஏழு வயதுக்குக் கீழே என்றால் அம்மாவோடோ அப்பாவோடோ அதே வட்டத்தில் இருக்கட்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எத்தனை குழு என்பதை வந்திருக்கும் மொத்தக் கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், முதியோர் எத்தனை பேர் வருவார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். எங்களுக்குச் சுமார் 60 பேர் வருவார்கள், அதில் முதியோர் எட்டு ஒன்பது பேர்தான், அதனால் எட்டுக் குழு. உங்களுக்கு ஐந்து பேர்தான் வருவார்கள் என்றால் ஐந்து படம் போதும், வட்டம் கொஞ்சம் பெரிதாகட்டும். பெரியவர் இல்லாத வட்டம் சாதாரண வகுப்பாகிவிடும்.

எல்லோருக்கும் நாற்காலி போடுங்கள். பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துப் பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்தால், பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள், பெரியவர்கள் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

4. கேள்வி

"இந்தப் பகுதியிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அதற்குப் பெரியவர்களிடம் பதில் தயாராக இருக்கும், பிள்ளைகளும் சரியான பதில் எது என்று நம் முகத்தைப் பார்ப்பார்கள். வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் பதிலாகும் என்கிற மாதிரிக் கேளுங்கள்.

பாஸ்கா காலம், அதாவது ஈஸ்டர் காலம் மூன்றாம் ஞாயிறு, முதல் ஆண்டில் எம்மாவு வழியில் சீடர் இருவர் போகிற வாசகம் வரும், லூக்கா 24. எருசலேமிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர், மனமுடைந்து நடக்கிறார்கள், கூடவே நடப்பவர் உயிர்த்த இயேசு என்று தெரியாமல். அதற்கு முந்தின ஞாயிறு எங்கள் கேள்வி: "உங்களோடு ரொம்ப தூரம் நடந்து வந்தவர் யார்?" விளக்கு வட்டத்தில் நான் பின்னால் நின்றிருந்தேன். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர், சின்ன வயதில் தன் அப்பாவோடு மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழாவுக்கு ராத்திரி முழுக்க நடந்து போனதைச் சொன்னார். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் நாற்காலி நுனிக்கு வந்து, "செருப்பு போட்டிருந்தீங்களா பாட்டி?" என்றான். "செருப்பு ஏது ராசா, கால் வலிச்சா அப்பா தூக்கிக்குவாங்க" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பையன், அவன் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறவர், "எங்கப்பா தினமும் ராத்திரி போன்ல என்கூடச் செபம் சொல்லுவாங்க" என்றான். அந்த வாசகத்துக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்திருக்க முடியாது.

விதிகள் இரண்டு. வட்டத்தில் வயதில் சிறியவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில். ஒருவர் பேசும்போது இன்னொருவர் திருத்தக் கூடாது. குழுவை நடத்த மறைக்கல்வி ஆசிரியர்களைப் போடாதீர்கள், எங்களுக்குத் திருத்துகிற பழக்கம் கையோடு வந்துவிடும். இருபது வயதுக்காரர்களைப் போடுங்கள், சனிக்கிழமை அரை மணி நேரம் உட்காரவைத்து இந்த இரண்டு விதியை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்றும் நடக்கும், அதற்குத் தயாராக இருங்கள். பெரியவர்கள் பேசுகிற பல சொற்கள் பிள்ளைகளுக்குப் புரியாது. பாட்டி "பூசை" என்பார், "சம்மனசு" என்பார், "இஸ்பிரீத்து சாந்து" என்பார். பிள்ளைக்குத் தெரிந்ததோ திருப்பலி, வானதூதர், தூய ஆவி. முதலில் நான் நடுவில் புகுந்து மொழிபெயர்த்தேன், அது தப்பு. இப்போது மண்டபச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி ஸ்கெட்ச் பேனா தொங்கவிட்டிருக்கிறோம். புதுச் சொல் கேட்டால் பிள்ளையே எழுந்து போய்ப் பழையதை ஒரு பக்கமும் புதியதை மறுபக்கமும் எழுத வேண்டும். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று ஒரு தாத்தா சொன்னதை எழுத்துக் கூட்டி எழுத ஒரு பெண்பிள்ளைக்கு நான்கு நிமிடம் ஆனது. பக்கத்தில் "அருள் நிறைந்த மரியே" என்று எழுதி முடித்ததும், "ரெண்டும் ஒண்ணுதானா தாத்தா?" என்று கேட்டாள். லத்தீன் பூசையில் பீடச்சிறுவனாக நின்றவர் அந்தத் தாத்தா. அன்றைக்கு அவர் வீட்டுக்குக் கிளம்பவே இல்லை, பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

5. சாப்பாடு

பிரியாணி வேண்டாம், பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே போய்விடும். ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம், கொண்டுவர முடியாத வீடு அன்றைக்கு வராமல் நின்றுவிடும். 60 பேருக்கு 3 கிலோ கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊறப்போட்டுச் சுண்டல். 7 லிட்டர் சுக்குக் காப்பி, அதற்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ கருப்பட்டி, உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் அதுதான். வரிசையில் நிற்கவிடாமல் வட்டத்துக்கு ஒரு பாத்திரம் அனுப்புங்கள், பரிமாறுவது அந்த வட்டத்தின் பதின்வயதுப் பிள்ளை. கடைசி இருபது நிமிடம் இதற்குத்தான், குறைக்காதீர்கள்.

6. கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது

எல்லா வட்டமும் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக அறைக்குள் போகக் கூடாது, அவர் யாராக இருந்தாலும் சரி. பெற்றோர் விட்டுவிட்டுப் போகவும் கூடாது, அவர்களுக்கும் அட்டை உண்டு.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் எழுதியதில் மூன்று விஷயம். ஒரே மண்டபத்தில் எட்டு வட்டம் பேசினால் காது மந்தமானவர்களுக்கு ஒன்றும் கேட்பதில்லை என்று ஒருவர் சொன்னார், உண்மைதான். இரண்டு வட்டத்தை வராந்தாவிலும் இரண்டை வேப்ப மரத்தடியிலும் போட்டுவிட்டோம், எல்லாம் திறந்த இடம்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலிருந்து ஒரு அக்கா, தங்கள் சபையில் இன்னும் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தையே வாசிப்பதால் இந்தச் சொல் பிரச்சினை அவ்வளவாக இல்லை, ஆனால் பிள்ளைகளுக்கான ஓய்வுநாள் பாடசாலை (சண்டே ஸ்கூல்) ஆராதனை நேரத்திலேயே நடப்பதால் பிள்ளைகளைச் சேர்க்க முடியவில்லை என்றார். மாதத்தில் ஒரு வாரம் மட்டும் பாடசாலையை விட்டுவிட்டு, ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் சேர்த்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது, நானே யோசிக்காமல் விட்டது: படுக்கையில் இருப்பவர்கள் என்ன செய்வது? இப்போது அந்த வாசகத் தாளில் இரண்டு மூன்று அதிகமாக அச்சடித்து, மாத முதல் வெள்ளி நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது சிஸ்டரோடு இரண்டு பிள்ளைகளை அனுப்புகிறோம். அதே கேள்வியை அவர்களிடமும் கேட்டு, சொன்னதைத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் வாசிப்பது அதைத்தான்.