லாட்ஜை மூடும் முன் உறுப்பினர் கையில் சேரவேண்டிய சான்றிதழ்

உறுப்பினர்கள் குறைந்து ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜை, அதாவது ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் உள்ளூர்க் கிளையை, மூடுவதென்று முடிவானால், லாட்ஜ் இயங்க அனுமதி தரும் சாசனப் பத்திரத்தை, அதை வழங்கிய தலைமை லாட்ஜிடம் ஒப்படைப்பதற்கு முன்பே, ஒவ்வொருவரின் சந்தாக் கணக்கையும் சரிபார்த்து, பாக்கி இல்லை என்பதற்கான சான்றிதழைச் செயலாளரின் கையொப்பத்துடன் அவரவரிடம் கொடுத்துவிடுங்கள். வேறு லாட்ஜில் சேர விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். லாட்ஜ் கலைந்தபின் அதைப் பெறுவது வீண் அலைச்சல். கூட்டக் குறிப்பேடு, உறுப்பினர் பதிவேடு, மீதிப் பணம் ஆகியவற்றைத் தலைமை லாட்ஜின் விதிப்படி ஒப்படையுங்கள். முதியவர்கள் புதிய இடத்துக்குத் தனியாகப் போகத் தயங்குவார்கள் என்பதால், மூன்று நான்கு பேராகச் சேர்ந்து அருகிலுள்ள லாட்ஜுக்கு விருந்தினராகச் சென்றுவர, மூடும் தேதிக்கு முன்பே ஏற்பாடு செய்வது மிகவும் அவசியம் என்று கருதுகிறேன். நடமாட முடியாமல் வீட்டிலிருப்பவர்களுக்குச் சான்றிதழை அஞ்சலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.