குறட்டைக்கு வாய்க்கருவி: அளவெடுப்பதிலிருந்து மறுபரிசோதனை வரை

தூங்கும்போது தாடைத் தசைகள் தளர்ந்து கீழ்த்தாடை பின்னால் சரியும். நாக்கின் அடிப்பகுதியும் கூடவே சரிந்து தொண்டையை அடைக்கும். பாதி அடைத்தால் குறட்டை, முழுக்க அடைத்தால் மூச்சு நின்றுவிடும். இதுதான் ஸ்லீப் ஏப்னியா. மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என இரண்டு தட்டுகள் கொண்ட வாய்க்கருவி, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்துப் பிடித்து வழியைத் திறந்து வைக்கிறது. அந்தச் "சில" எத்தனை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தச் சிகிச்சையில் பாதி வேலை.

1. தூக்கப் பரிசோதனை

பல் மருத்துவரிடம் போகும் முன்பே இதை முடித்துவிடுங்கள். மணிக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதை ஏஹெச்ஐ எண் காட்டும். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். முதல் இரண்டு நிலைகளில் வாய்க்கருவி நன்றாகக் கைகொடுக்கும். தீவிரமானால் முதலில், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபேப் இயந்திரம்தான். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் வாய்க்கருவி. மூச்சு விடச் சொல்லும் உத்தரவே மூளையிலிருந்து வராத வகை ஒன்றும் உண்டு. அதற்குத் தாடையை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை.

2. வாய் தாங்குமா?

கருவி இரவு முழுக்கப் பற்களைப் பிடித்துத்தான் நிற்கப்போகிறது. ஒவ்வொரு வரிசையிலும் எட்டு பல்லாவது ஆடாமல் இருக்க வேண்டும். ஈறில் சீழ், தாடை மூட்டில் வலி இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். சொத்தை அடைப்பது, கேப் போடுவது எல்லாம் அளவெடுப்பதற்கு முன்பே முடியட்டும். கருவி வந்தபிறகு ஒரு கேப் மாற்றினால்கூடத் தட்டு உட்காராமல் போகலாம்.

3. அளவெடுப்பு

இரு வரிசைகளையும் அச்செடுப்பார்கள், அல்லது ஸ்கேன் செய்வார்கள். அடுத்து ஜார்ஜ் கேஜ் போன்ற ஒரு அளவுகோலை முன்பற்களில் கடிக்கச் சொல்லி, தாடை பின்னால் எதுவரை போகிறது, முன்னால் எதுவரை வருகிறது என்று பார்ப்பார்கள். மொத்த நகர்வு 10 மி.மீ. என்றால் 5 அல்லது 6 மி.மீ.யில் தொடங்குவது வழக்கம். நகர்வே 5 மி.மீ.க்குக் குறைவென்றால் கருவிக்கு வேலை செய்ய இடமில்லை.

வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் ரெடிமேட் கருவி மலிவுதான். ஆனால் அது நழுவும், பருமனாக இருக்கும், பலவற்றில் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதை நம்பி மாதக்கணக்கில் ஓட்ட வேண்டாம்.

4. மாட்டுவதும் கழற்றுவதும்

இரண்டும் தனித்தனித் தட்டாக இருந்தால் மேல்தட்டை முதலில் விரலால் அழுத்தி உட்கார வையுங்கள். பிறகு கீழ்தட்டு. கடித்து உட்கார வைத்தால் விரிசல் விடும். கழற்றும்போது இரு பக்கமும் கடைவாய்ப் பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் நெம்ப வேண்டும். முதல் சில நாட்கள் படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் போட்டுப் பழகுங்கள். எச்சில் ஊறும், பற்கள் இறுகியதுபோல் இருக்கும். பெரும்பாலும் தானே சரியாகும். ஒரே இடத்தில் ஈறு புண்ணானால் பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.

5. திருகு வைப்பது

தொடங்கிய அளவிலிருந்து தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்துவது திருகுதான். அவசரப்பட்டால் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். பக்கவாட்டில் திருகு உள்ள கருவிகளில் சாவியைத் துளையில் நுழைத்து, அம்புக்குறி காட்டும் திசையில் அடுத்த துளை முழுதாகத் தெரியும்வரை தள்ள வேண்டும். பாதியில் நிறுத்தினால் அடுத்த முறை சாவி நுழையாது. பல கருவிகளில் ஒரு திருப்பு ஏறக்குறைய கால் மி.மீ.; உங்களுடையது எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும்.

வலப்பக்கம் ஒன்று என்றால் இடப்பக்கமும் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் கூடினால் தாடை கோணலாக இழுபட்டு, காதுக்கு முன்னால் உள்ள மூட்டு ஒரு பக்கம் மட்டும் வலிக்கும். அதனால் தேதி, வலம், இடம், காலை வலி, குறட்டை என்று ஐந்து கட்டம் போட்ட தாள் ஒன்று கட்டிலருகே இருக்கட்டும். மருத்துவர் சொன்ன இடைவெளியில்தான் திருப்ப வேண்டும். மூட்டு வலித்தால் இரு பக்கமும் ஒரு திருப்பு பின்னால் போய், வலி அடங்கியபின் தொடரலாமா என்று கேளுங்கள்.

6. காலையில்

கருவியைக் கழற்றியதும் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று சேராது. இரவெல்லாம் தாடை முன்னால் நின்றதால் வரும் நிலை இது. உங்கள் பழைய கடியில் பதித்துத் தரும் சிறு கடிப்பானைக் கடித்துத் தாடையைப் பின்னால் கொண்டுவாருங்கள். பலருக்குப் பல் தேய்த்துக் குளித்து முடிப்பதற்குள் கடி திரும்பிவிடும். மதியச் சாப்பாட்டின்போதும் சேரவில்லை என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள். கடிப்பானைத் தவறாமல் போட்டாலும், ஆண்டுகள் போகப்போக மேல் முன்பற்கள் உள்பக்கமும் கீழ் முன்பற்கள் வெளிப்பக்கமும் சற்றுச் சாயலாம். ஆரம்பத்தில் எடுத்த பல் அச்சைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பிறகு ஒப்பிட அதுதான் ஆதாரம்.

7. சுத்தம்

மென்மையான பிரஷ், தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். பேஸ்ட் கீறிவிடும், வெந்நீர் வளைத்துவிடும். வீட்டில் நாய் இருந்தால் டப்பாவை மூடி வையுங்கள். எச்சில் வாடைக்கு அது தேடி வந்து கடித்துப்போடும்.

8. மறுபரிசோதனை

குறட்டைச் சத்தம் போய்விட்டது என்று வீட்டில் சொல்வதை வைத்துத் திருகை நிறுத்தாதீர்கள். சத்தம் அடங்கியபிறகும் மூச்சு நின்றுகொண்டிருக்கலாம். கருவி வாயில் இருக்கும்போதே தூக்கப் பரிசோதனையை மறுபடி எடுத்து, ஏஹெச்ஐ எண்ணைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். தாடை எல்லையைத் தொட்டும் எண் இறங்கவில்லை என்றால் மேலும் திருகுவதில் லாபமில்லை. ஒருக்களித்துப் படுப்பதைச் சேர்த்துப் பார்ப்பதா, சிபேப்புக்குப் போவதா என்பதைத் தூக்க மருத்துவர் முடிவு செய்வார். அதுவரை பகலில் கண் அசந்தால் வண்டி ஓட்ட வேண்டாம்.